பழைய எம்ஜிபி காருக்கு எந்த எஞ்சின் ஆயில்?

கேள்வி (கோவை):
ஐயா, 1967ஆம் ஆண்டு எம்ஜிபி ஒன்றைப் புதுப்பித்து, மேட்டுப்பாளையம்–குன்னூர் மலைச்சாலையில் அவ்வப்போது ஓட்டி வருகிறேன். அதன் 1798 சிசி எஞ்சினுக்கு, வீட்டிலுள்ள புதிய காருக்கு வாங்கிய 5டபிள்யூ-30 என்ற மெல்லிய ஆயிலையே ஊற்றலாமா?

மறுமொழி (பொள்ளாச்சி):
வேண்டாம் தம்பி. அந்த எஞ்சினில் வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்டும் டேப்பெட்டும் இடையில் உருளையின்றி நேரடியாக உராய்வதால், அவற்றின் தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மம் ஆயிலில் போதிய அளவு இருந்தாக வேண்டும். புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கெடக்கூடாது என்பதற்காக, ஏபிஐ எஸ்பி (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் ஆயில் தரம்) தரத்திலான 5டபிள்யூ-30 ஆயில்களில் பாஸ்பரஸை 0.08 விழுக்காட்டுக்குள் கட்டுப்படுத்தியுள்ளனர். நம் பக்கத்து வெயிலுக்கும் மலையேற்றத்துக்கும் அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50 மினரல் ஆயிலே ஏற்றது.

மறுமொழி (ஈரோடு):
அண்ணன் சொல்வது சரி. ஆயினும் டப்பாவின் முகப்பில் 20டபிள்யூ-50 என்றிருப்பதை மட்டும் நம்பாமல், துத்தநாக அளவைத் தயாரிப்பாளரின் விவரத்தாளில் பார்த்து வாங்குங்கள். சிந்தெடிக் ஆயில் தவறன்று. ஆயில் ஒழுகும் வண்டிக்கு அது வீண்செலவு, அவ்வளவே.