மார்மன் வேதமும் சான்றுகளும்: நேரில் பேசிப் பார்த்தவர்களின் பகிர்வுகள்

லீஹை, யூட்டாவிலிருந்து

நான் குடியிருக்கும் ஊருக்கு லீஹை என்று பெயர். கி.மு. 600 அளவில் எருசலேமை விட்டுக் குடும்பத்தோடு வெளியேறி, கடல் கடந்து அமெரிக்கக் கண்டத்தை அடைந்ததாக மார்மன் புத்தகம் சொல்லும் தீர்க்கதரிசியின் பெயர் அது. மார்மன் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித், தேவதூதர் காட்டிய தங்கத் தகடுகளிலிருந்து மொழிபெயர்த்ததாகச் சொல்லி வெளியிட்ட, அந்தச் சபையினரின் வேதம் அது. நெடுஞ்சாலையில் தெற்கே போனால் அவருடைய மகன் நீஃபையின் பெயரிலும் ஓர் ஊர் வருகிறது. அந்தப் பெயர்களுக்கு உரியவர்கள் உண்மையில் வாழ்ந்தார்களா என்பது என் சக ஊழியர்கள் பலருக்கு உயிர்நாடியான கேள்வி என்பதை இங்கே வேலைக்கு வந்த பிறகுதான் அறிந்தேன்.

அவர்களில் ஒருவர் இளம் வயதில் பிரேசிலில் சபைக்காக ஈராண்டு சமயப் பரப்பு ஊழியம் செய்து திரும்பியவர். மதிய உணவு வேளையில் எதையும் கேட்கலாம் என்று எனக்கு உரிமை கொடுத்திருந்தார். பனியுகத்தின் முடிவில் அமெரிக்காவில் அற்றுப்போய், ஸ்பானியர் மீண்டும் கொண்டுவரும்வரை அங்கே இல்லாத குதிரை அந்த நூலில் எப்படி வந்தது என்று கேட்டேன். டேபிர் போன்ற வேறொரு விலங்கை அப்படி அழைத்திருக்கலாம் என்று சிலர் விளக்கம் சொல்வதாகக் கூறிவிட்டு, அந்த விளக்கம் தமக்கே உவப்பாக இல்லை என்று சிரித்தார். பிறகு அவரே, "குதிரையை விடுங்கள், ஏசாயாதான் எனக்குக் கடினம்" என்றார். பழைய ஏற்பாட்டிலுள்ள ஏசாயா ஆகமத்தின் 40 முதல் 55 வரையிலான அதிகாரங்களை, யூதர்கள் பாபிலோனுக்குக் கொண்டுசெல்லப்பட்டிருந்த சிறையிருப்புக் காலத்தில் வேறொருவர் எழுதினார் என்பது விவிலிய ஆய்வாளர்களில் மிகப் பெரும்பாலோரின் முடிவு. அப்படியானால், அந்தச் சிறையிருப்புக்கு முன்பே எருசலேமை விட்டுப் போன குடும்பத்தின் கையில் 48 முதல் 51 வரையிலான அதிகாரங்கள் எவ்வாறு இருந்திருக்க முடியும், அதுவும் 1611ஆம் ஆண்டு ஆங்கில விவிலியத்தின் நடையிலேயே அவை மார்மன் புத்தகத்தில் எவ்வாறு இடம்பெற முடியும் என்பதுதான் அவரை உறுத்திய சிக்கல். இணையத்தில் ஏளனம் செய்கிற பலருக்குத் தெரியாத சிக்கல் இது. தங்கள் வேதத்தின் பலவீனமான இடங்களை விசுவாசிகளே நன்றாக அறிந்திருக்கிறார்கள் என்பதை அதற்குப் பின்னும் பலமுறை கண்டிருக்கிறேன்.

தம் பக்கத்து வாதங்களையும் அவர் வைத்தார். அந்தக் குடும்பம் அரேபியா வழியாகப் போகையில் நேகம் என்னும் இடத்தில் ஒருவரை அடக்கம் செய்ததாக நூல் சொல்கிறது. ஏமனில் மாரிப் நகரருகே தோண்டியெடுத்த, கி.மு. ஏழாம் அல்லது ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த பலிபீடங்களில் ந-ஹ-ம என்ற மூன்று மெய்யெழுத்துகளாலான குலப்பெயர் காணப்படுகிறது. தங்கத் தகடுகளைக் கண்டதாகக் கையொப்பமிட்ட மூன்று முதன்மைச் சாட்சிகளான ஆலிவர் கௌடரி, டேவிட் விட்மர், மார்ட்டின் ஹாரிஸ் ஆகிய மூவரும் பின்னாளில் ஜோசப் ஸ்மித்தோடு முரண்பட்டுச் சபையை விட்டு விலகினார்கள். ஆயினும் ஒருவர்கூடத் தம் சாட்சியைத் திரும்பப் பெறவில்லை. இந்த இரண்டாவது வாதத்தை நான் எளிதில் ஒதுக்கமாட்டேன். தகடுகள் இருந்தன என்பதை அது நிறுவுவதில்லை. ஆனால் எல்லாரும் கூடிப் பேசிச் செய்த மோசடி என்ற எளிய விளக்கத்தை அது கலைத்துவிடுகிறது.

இவையெல்லாம் அவருக்கு இரண்டாம் நிலைதான். நூலின் இறுதியில் அதன் கடைசித் தீர்க்கதரிசி மொரோனை ஒரு வாக்குறுதி தருகிறார்: நேர்மையான உள்ளத்தோடு கேட்டால், இது மெய்யென்று பரிசுத்த ஆவி உணர்த்துவார். ஆல்மா என்ற பகுதியும் விசுவாசத்தை ஒரு விதைக்கு ஒப்பிட்டு, நட்டுச் சோதித்துப் பார் என்கிறது. எனவே, சான்றில்லாமல் நம்பு என்று அவர் சொல்வதாக நினைப்பது தவறு. சோதனை செய்யத்தான் சொல்கிறார். எனக்குள்ள தயக்கம் அந்தச் சோதனையின் அமைப்பைப் பற்றியது. விடை கிடைத்தால் நூல் மெய். கிடைக்காவிட்டால் கேட்டவரின் உள்ளம் நேர்மையாக இல்லை, அல்லது இன்னும் காலம் வரவில்லை. தோல்வி என்ற முடிவுக்கே இடமில்லாத ஒன்றைச் சோதனை என்று எப்படிச் சொல்வது என்று கேட்டேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, மனைவியை நேசிக்கிறேனா என்பதையும் அப்படித்தான் அறிந்தேன் என்றார். மனைவி இருக்கிறார் என்பதில் யாருக்கும் ஐயமில்லையே என்றேன்.

சிகாகோவிலிருந்து

மேலே எழுதிய நண்பர் மார்மன் புத்தகத்தோடு நிறுத்திவிட்டார். அதன் மூலமான தகடுகளைத் தேவதூதரே திரும்ப எடுத்துக்கொண்டதாகச் சொல்லப்படுவதால், ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லை. என் வாசலுக்கு வந்த ஊழியக்காரர்களோடு நான் பேசியது, விவிலியத்தின் முற்பிதா ஆபிரகாம் எழுதியதாக ஸ்மித் தந்த இன்னொரு வேதநூலான ஆபிரகாம் புத்தகத்தைப் பற்றி; அங்கே மூலம் நம் கைக்கு எட்டுகிறது.

1835இல் ஒஹாயோவின் கர்ட்லண்டுக்கு ஒரு வணிகர் எகிப்திய மம்மிகளைக் காட்சிப்பொருளாகக் கொண்டுவந்தார். நான்கு மம்மிகளையும் அவற்றோடிருந்த பாப்பிரஸ் (நாணல்தாள்) சுருள்களையும் ஸ்மித்தும் அவரைச் சேர்ந்தவர்களும் 2,400 டாலருக்கு வாங்கினர். சுருள்களில் ஒன்று ஆபிரகாம் எழுதியது என்று ஸ்மித் அறிவித்தார். 1842இல் வெளியான அந்த நூல் 1880இல் வேத வரிசையில் சேர்க்கப்பட்டது. பாப்பிரஸ்கள் 1871ஆம் ஆண்டு சிகாகோ பெருந்தீயில் அழிந்துவிட்டன என்றே எல்லோரும் எண்ணியிருக்க, அவற்றின் துண்டுகள் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருப்பது தெரியவந்து, 1967 நவம்பரில் சபையிடம் ஒப்படைக்கப்பட்டன.

எகிப்தியவியலாளர்கள் அவற்றைப் படித்தார்கள். ஹோர் என்ற அர்ச்சகரின் சடலத்தோடு வைப்பதற்காக எழுதிய 'சுவாச நூல்' அது. காலம் ஆபிரகாமுக்குச் சொல்லப்படும் காலத்திற்கு ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் பிந்தியது. ஆபிரகாமைப் பலியிட முனையும் பூசாரி என்று ஸ்மித் விளக்கிய படம், இறந்தவரை உயிர்ப்பிக்கும் சடங்கு. அச்சிட்ட படத்தில் அந்தப் பூசாரிக்கு மனிதத் தலை இருக்கிறது; மூலத்தில் அந்த இடமே கிழிந்து போயிருக்கிறது, ஒட்டுத்தாளில் யாரோ வரைந்து நிரப்பியிருக்கிறார்கள். அங்கே இருந்திருக்க வேண்டியது எகிப்தியத் தெய்வம் அனுபிஸின் நரித்தலை என்கிறார்கள் வல்லுநர்கள். எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ராபர்ட் ரிட்னர் இந்தப் பாப்பிரஸ்களை முழுமையாக மொழிபெயர்த்து வெளியிட்டவர். எழுத்துகளுக்கும் நூலுக்கும் தொடர்பே இல்லை என்பதில் அவருக்குத் துளியும் ஐயமிருக்கவில்லை.

வந்திருந்த இளைஞர்களில் மூத்தவர், காணாமற்போன நீண்ட பகுதியில் ஆபிரகாமின் நூல் இருந்திருக்கலாம் என்றார். இது அவருடைய கற்பனை அன்று. சுருளின் சுற்றுகள் உள்ளே போகப்போக எவ்வளவு சிறுக்கின்றன என்பதை அளந்து, இழந்த நீளத்தைக் கணக்கிடும் முறை ஒன்று உண்டு. மார்மன் எகிப்தியவியலாளர் ஜான் கீ அதைக் கொண்டு 12 மீட்டருக்கும் மேல் என்றார். அதே முறையில் துண்டுகளை மீண்டும் அளந்தவர்கள் ஒரு மீட்டருக்கும் குறைவு என்றார்கள். சமயச் சண்டை அளவுகோலைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கும் அபூர்வமான இடம் இது. இரண்டில் ஒரு கணக்கு பிழை, அதை எவரும் சரிபார்க்கலாம். 2014இல் சபையே வெளியிட்ட கட்டுரை, எஞ்சிய துண்டுகளிலுள்ள எழுத்துகள் நூலோடு பொருந்தவில்லை என்பதை ஒப்புக்கொண்டு, பாப்பிரஸ் வெளிப்பாட்டுக்கு ஒரு தூண்டுகோலாக மட்டும் இருந்திருக்கலாம் என்ற விளக்கத்தையும் முன்வைத்தது. நேர்மையான கட்டுரை என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த விளக்கத்தை ஏற்றபின் எந்தப் பாப்பிரஸ் கிடைத்தாலும் நூலுக்கு ஒன்றும் ஆகாது; அதை ஆதரிக்கவும் இனி எந்தப் பாப்பிரஸாலும் முடியாது.

ரோச்செஸ்டர், நியூயார்க்கிலிருந்து

சுருக்கமாக ஒன்று. தகடுகள் கிடைத்ததாகச் சொல்லப்படும் கமோரா குன்று இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை; 1937 முதல் 2019 வரை அங்கே பெரிய நாடகவிழா நடந்தது. அங்கே நான் சந்தித்த முதியவர், இதே மண்ணில்தான் நூல் சொல்லும் இறுதிப் போரில் இலட்சக்கணக்கானோர் மாண்டார்கள் என்றார். அவருடைய மகன், போர் நடந்த கமோரா மத்திய அமெரிக்காவில் இருக்க வேண்டும், இது தகடுகள் புதைந்த குன்று மட்டுமே என்று தந்தையைத் திருத்தினார். இருவரும் என்னை மறந்துவிட்டுத் தீவிரமாக வாதிட்டார்கள். மகனின் கட்சிக்குக் காரணமே குன்றைச் சுற்றிப் போரின் தடயம் ஏதும் கிடைக்காததுதான். சான்று அவருடைய விசுவாசத்தைக் கலைக்கவில்லை. வரைபடத்தை மட்டும் நகர்த்தியிருக்கிறது.

சால்ட் லேக் சிட்டியிலிருந்து

நண்பர்கள் மூவரும் நூலின் மெய்த்தன்மையைப் பேசினீர்கள். என் தோழி ஒருத்தி, ஆறு தலைமுறை மார்மன் குடும்பத்தில் பிறந்தவள், விசுவாசத்தை இழந்ததை அருகிலிருந்து பார்த்தேன். அவளை அசைத்தது பாப்பிரஸும் அன்று, குதிரையும் அன்று. ஸ்மித் தகடுகளைப் பார்த்து மொழிபெயர்ப்பதாகத் தீட்டிய ஓவியங்களைப் பார்த்து வளர்ந்தவள் அவள். தொப்பிக்குள் ஒரு கல்லை இட்டு, அதில் முகம் புதைத்துச் சொல்லச் சொல்ல எழுதினார்கள் என்பதைச் சபையின் 2013ஆம் ஆண்டுக் கட்டுரையில் படித்தாள். 2015இல் அந்தக் கல்லின் புகைப்படமும் வெளியாயிற்று. தகட்டைப் பார்த்துப் படிப்பதை நம்ப முடிந்தவளுக்குக் கல்லைப் பார்த்துப் படிப்பதை மட்டும் நம்புவது ஏன் கடினம் என்று கேட்டேன். கல் பொருட்டில்லை, நான் நேசித்த காட்சி நடக்கவே இல்லை என்பதுதான் என்றாள்.

அதே கட்டுரையை அவளுடைய அம்மாவும் படித்தார். கடலைப் பிளந்த மோசேயின் கோலை நம்புகிறவர்கள் கல்லுக்கு ஏன் கூச வேண்டும் என்று கேட்டுவிட்டு, மறுவாரமும் ஆலய ஊழியத்துக்குப் போனார். என்னால் அந்த வாதத்திலும் குறை காண முடியவில்லை.

இந்த விவாதங்களில் வெளியாட்களான நமக்கு எந்த இழப்பும் இல்லை. ஆலயத்தில் நடக்கும் திருமணத்துக்குத் தகுதிச் சான்று பெற்ற உறுப்பினர்கள் மட்டுமே செல்ல முடியும். தோழியின் தங்கைக்குத் திருமணம் நடந்தபோது அவள் வெளியே மலர்த்தோட்டத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏசாயாவின் காலத்தைப் பற்றி அவளுடைய அண்ணன் எதையும் ஒப்புக்கொள்ள மறுப்பதை இப்போது நான் பிடிவாதம் என்று சொல்வதில்லை. அவர் படித்த மனிதர். ஒப்புக்கொண்டால் அடுத்து என்னென்ன பேசவேண்டிவரும் என்பது அவருக்குத் தெரியும்.