சுமோ 'ஹேயா'வுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

பொன்னி:
சுமோ (ஜப்பானிய மற்போர்) ஆவணப்படம் ஒன்றுக்குத் தமிழ் வசனவரி, வெள்ளிக்கிழமை கெடு. மல்லர்கள் ஒரு தலைவரின் கீழ் சேர்ந்து வாழ்ந்து பயிலும் 'ஹேயா' படம் முழுக்க வருகிறது. அகராதியில் 'அறை'. அதையே போட்டால் "அறையில் அவருக்குத் தனி அறை கிடைத்தது" என்று வரி விழுகிறது. மேல் இரண்டு பிரிவுகளின் 70 பேருக்குத்தான் (சேகிதோரி) மாதச் சம்பளமும் தனியறையும். மற்றவர்கள் ஒரே பெரிய அறையில் சேர்ந்து படுப்பார்கள். ஹேயாவின் பெயரோடு சேரும்போது ஒலி மாறி 'தகாசாகோபேயா' ஆகிறது. பேய்ப்படம் என்று நினைத்துவிடுவார்கள்!

நன்னூலான்:
உள்ளங்கையால் முகத்தில் அறைவது சுமோவில் விதிக்குட்பட்ட உத்தி. ஆகவே "அறையில் அறைந்தார்" என்றும் எழுத நேரும். மற்போர் இருக்கும்போது மல் + கூடம் = மற்கூடம் ஏன் கூடாது? மல் + அகம் = மல்லகமும் சரி, தனிக்குறிலை அடுத்த ஒற்று இரட்டும். இன்னும் பழையது வேண்டுமென்றால் போரவை. ஆமூர் மல்லனை வீழ்த்திய சோழன் நற்கிள்ளிக்கு அதுதானே அடைமொழி? புறம் 80 பாருங்கள்.

எழினி:
மற்கூடத்தைக் கற்கூடம் என்று படிப்பார்கள். 'அகம்' கடைப்பலகை விகுதியாகிவிட்டது: உணவகம், மருந்தகம், அடுத்து மல்லகம். குருகுலம் என்றால் எல்லாருக்கும் புரியும்.

நன்னூலான்:
வடசொல்.

எழினி:
போரவை என்றால் ஐ.நா. பாதுகாப்பு அவையா என்று கேட்பார்கள், பரவாயில்லையா?

கடலோடி:
பொருளை முதலில் பார்ப்போம். குருகுலத்தில் படிப்பு முடிந்தால் வெளியேறலாம். இங்கே சேர்ந்தவர் ஓய்வுபெறும்வரை அதே ஹேயாதான், விருப்பப்படி மாற வழியில்லை. மூடினாலோ இணைந்தாலோ பிரிந்தாலோ மட்டும் இடமாற்றம். 2024இல் மியாகினோ ஹேயா மூடப்பட்டு மல்லர்கள் இசேகஹாமாவுக்குப் போனது அப்படி.

கட்டடத்தைக் குறிக்கும் சொல்லும் பற்றாது. நடத்துபவர் (ஒயகதா) பொதுவாகச் சுமோ சங்கத்தின் 105 மூத்தோர் பெயர்களில் ஒன்றை வைத்திருக்க வேண்டும், பெயர் அவரோடு போகும். 1993இல் புஜிஷிமா, புதாகோயாமா ஹேயாக்கள் இணைந்தபோது பின்னதன் பெயர் நின்றது. 2004இல் ஒயகதாவின் மகன் பொறுப்பேற்றதும் அதுவே தகனோஹனா ஆனது. 2018இல் மூடி, மல்லர்கள் சிகனோஉராவுக்கு மாறினார்கள்.

வசனத்தில் இடறும் இடம் இன்னொன்று: ஒரே ஹேயாக்காரர்கள் முறையான ஆட்டத்தில் மோதமாட்டார்கள், பட்டத்துக்கான சமன்முறிப்பில் மட்டும் மோதலாம். 1965 வரை இந்த விலக்கு பல ஹேயாக்கள் சேர்ந்த 'இச்சிமோன்' என்ற பெரிய கிளைக்கே இருந்தது. ஆகவே இரண்டுக்கும் வெவ்வேறு சொல் தேவை.

நன்னூலான்:
அப்படியானால் இச்சிமோன் = குடி, ஹேயா = மனை. தெவனோஉமி ஹேயாவில் பிரிந்துபோகத் தடை இருந்ததும், 1967இல் அங்கிருந்த சியோனோயாமா பிரிந்து கொகோனோயே ஹேயாவைத் தொடங்கியபோது கிளையைவிட்டே விலக்கப்பட்டதும் குடிப்பூசல்தானே? "மனை பிரிந்தது" எவ்வளவு பொருத்தம்!

எழினி:
"மனை விற்பனைக்கு." குடி பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

பொன்னி:
ஆங்கிலத்தின் 'stable' வழியே போய்க் 'கொட்டில்' என்று எழுதிய பத்திரிகைகளும் உண்டு. குதிரை லாயத்தின் பெயரை ஆளுக்கு வைக்க மனமில்லை. 'பயிற்சிக்கூடம்' போட்டால் காலையில் வந்து மாலையில் வீட்டுக்குப் போகிறவர்கள் போல ஆகிறது. படத்தில் இளையவர்கள் விடியுமுன்பே களத்தில் இறங்குகிறார்கள், வெறும் வயிற்றில். வென்றவர் வளையத்துக்குள் நிற்க, அடுத்து மோதச் சுற்றி நிற்பவர்கள் கத்திக்கொண்டு பாய்கிறார்கள். வென்றவர்தான் ஆளைத் தேர்கிறார். கறுப்புப் பருத்திக் கச்சை இளையவர்களுக்கு, வெள்ளை சேகிதோரிக்கு. குளியலும் சாப்பாடும் தரவரிசைப்படி. பெரியவர்கள் முடிக்கும்வரை பின்னால் நின்று பரிமாறிவிட்டு, சட்டியில் மிச்சமிருக்கும் சாங்கோக் குழம்புதான் இளையவர்களுக்கு. 'பயிற்சி' இதில் பாதிதான்.

கடலோடி:
'மல்லர் கூடம்' போடுங்கள். நம் வீட்டுக் கூடத்திலும் எல்லாரும் சேர்ந்துதான் படுப்பது, பள்ளிக்கூடத்திலும் அந்தச் சொல் இருக்கிறது. முதல் இடத்தில் மட்டும் 'ஹேயா எனும் மல்லர் கூடம்', பிறகு வெறும் 'கூடம்'. பெயர்களோடு 'தகாசாகோ கூடம்'. பேயும் ஓடிவிடும்.

எழினி:
சரி. குருகுலம் போனதில் வருத்தம்தான்.

நன்னூலான்:
மல்லர் கூடம் தொடர், சொல்லல்ல. மற்கூடம் என்றே என் வாக்கைப் பதிவு செய்க. ஒயகதாவுக்கு 'ஆசான்' என்றால் அவர் மனைவிக்கு (ஒகாமிசான்) என்ன? கூடத்தின் வரவுசெலவும் ஆதரவாளர் தொடர்பும் அவர் கையில்தான். 'ஆசாட்டி' இலக்கணப்படி தவறா என்று பார்க்க வேண்டும்.

பொன்னி:
'ஆசானின் துணைவி' என்று போட்டுவிட்டேன். இச்சிமோனுக்கு இப்போதைக்குக் 'கிளை'. வியாழன் இரவுக்குள் வேறு சொல் வந்தால் மாற்றுகிறேன்.