சவுதி ஒரு பக்கம், 39 ஏழை நாடுகள் ஒரு பக்கம்: ஏற்றுமதியை ஒப்பிடலாமா?

கணக்கன்:
2022-இல் சவுதி அரேபியாவின் சரக்கு ஏற்றுமதி சுமார் 41,000 கோடி டாலர். உலக வங்கியும் பன்னாட்டு நாணய நிதியமும் (ஐஎம்எஃப்) கடன் சுமை மிகுந்த ஏழை நாடுகள் என்று பட்டியல் போட்ட 39 நாடுகளும் அந்த ஆண்டு விற்ற சரக்கை மொத்தமாகக் கூட்டினாலும் அந்தத் தொகை வராது. சவுதியின் மக்கள்தொகை 3.2 கோடி, அந்த 39 நாடுகளுக்கும் சேர்த்து 80 கோடிக்கு மேல். 1996-இல் கடன் தள்ளுபடித் திட்டம் தொடங்கி இத்தனை ஆண்டு ஆகிவிட்டது. விற்பதற்குச் சரக்கைப் பெருக்காத நாட்டுக்குக் கடனைத் தள்ளுபடி செய்வதால் என்ன மாறிவிடும்?

நெய்தல்:
கணக்கன் சார், உக்ரைன் போரால் எண்ணெய் விலை எகிறிய ஆண்டைப் பிடித்திருக்கிறீர்கள். 2020-ஐப் பாருங்கள். அதே சவுதியின் ஏற்றுமதி இதில் பாதிகூட இல்லை. ஒரு பீப்பாய் சராசரியாக 42 டாலருக்குப் போனது 2022-இல் 100 டாலர் ஆனது, அவ்வளவுதான் நடந்தது. நீங்கள் காட்டுவது உழைப்பின் கணக்கு இல்லை, விலையின் கணக்கு.

இன்னொன்றும் இருக்கிறது. 1973 கடைசியில் பீப்பாய் 3 டாலரிலிருந்து சில மாதத்தில் 12 டாலரை நெருங்கியது. உங்கள் 39-இல் ஒன்றான ஆப்பிரிக்க நாடு ஜாம்பியாவில் எண்ணெய் கிடையாது, கடலும் கிடையாது. தான்சானியாவின் தார் எஸ் சலாம் துறைமுகத்திலிருந்து 1,700 கிலோமீட்டர் குழாய் வழியாகத்தான் எண்ணெய் வர வேண்டும். எண்ணெய்ச் செலவு ஏறிய அதே நேரத்தில், 1974-க்குள்ளேயே, செம்பு விலை உச்சத்திலிருந்து பாதிக்கும் கீழே விழுந்தது. அந்த நாடு விற்றதோ கிட்டத்தட்ட செம்பு மட்டும்தான். எண்ணெய் நாடுகளின் பணம் மேற்கத்திய வங்கிகளில் குவிந்தது, அங்கிருந்து ஏழை நாடுகளுக்குக் கடனாகப் போனது. சவுதியின் வரவும் இவர்களின் கடனும் ஒரே நிகழ்வின் இரண்டு முனைகள். அதை எடுத்துவிட்டு ஏற்றுமதியை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கணக்கன்:
1974 சரி. அப்புறம்? ஜாம்பியாவின் வெளிக்கடனில் பெரும்பகுதி 2005-ஐ ஒட்டித் தள்ளுபடி ஆனது. அதன் பிறகு செம்பு நல்ல விலைக்குப் போனது. அந்த நேரத்தில் என்ன செய்தார்கள்? 2012, 2014, 2015 என்று மூன்று முறை டாலர் பத்திரம் வெளியிட்டு மொத்தம் 300 கோடி டாலர் கடன் வாங்கினார்கள். 2020 நவம்பரில் வட்டி கட்ட முடியாமல் கை விரித்தார்கள். இதற்கும் 1973-தான் காரணமா?

துறைமுகவாசி:
நான் தார் எஸ் சலாமில் சரக்கு அனுப்பும் வேலையில் இருந்தவன். ஜாம்பியச் செம்பு எப்படி வருகிறது என்று சொல்கிறேன். ஏறக்குறைய ஒரு மீட்டர் சதுரத் தகடுகள், எஃகுப் பட்டை போட்டுக் கட்டியவை. ஒரு லாரிக்கு 30 டன் போல ஏற்றலாம். சுரங்கப் பகுதியிலிருந்து துறைமுகம் 2,000 கிலோமீட்டர் அளவுக்கு இருக்கும். தான்சானியாவை ஒட்டிய நகோண்டே எல்லையில் லாரிகள் நாள்கணக்கில் வரிசையில் நிற்கும், டிரைவர்கள் லாரிக்கு அடியிலேயே சமைத்துச் சாப்பிட்டுத் தூங்குவார்கள். டன் 8,500 டாலர் என்று வைத்தால் ஒரு லாரிச் சரக்கு இரண்டரை லட்சம் டாலர்.

சவுதியின் ராஸ் தனூரா துறைமுகத்தில் ஒரு பெரிய எண்ணெய்க் கப்பல் 20 லட்சம் பீப்பாய் ஏற்றும். பீப்பாய் 80 டாலர் என்றால் 16 கோடி டாலர், அதாவது 600 லாரிச் செம்பு. சவுதியின் எண்ணெய் நிறுவனமான அராம்கோ 2019-இல் பங்கு வெளியிட்டபோது சொன்ன கணக்குப்படி ஒரு பீப்பாய் எடுக்கும் செலவு 3 டாலர்கூட இல்லை. செம்பில் தோண்ட, உருக்க, மின்சாரம், டீசல், லாரி வாடகை என்று எல்லாம் போய்த்தான் மிச்சம்.

நெய்தல்:
அந்த மிச்சம் யாருக்கு என்றும் கேட்க வேண்டும். அராம்கோ 1980-க்குள் முழுக்க சவுதி அரசின் கைக்கு வந்தது. ஜாம்பியா 2000-க்குள் சுரங்கங்களைத் தனியாருக்கு விற்றுவிட்டது, அதுவும் செம்பு விலை அடிமட்டத்தில் இருந்தபோது. கொங்கோலா சுரங்கத்தின் 51 சதவீதப் பங்கை வேதாந்தா 2004-இல் வாங்கியது இரண்டரைக் கோடி டாலருக்கு (தூத்துக்குடி ஸ்டெர்லைட்டின் அதே வேதாந்தாதான்). இரண்டே ஆண்டில் செம்பு விலை இரண்டு மடங்கைத் தாண்டியது. ஏற்றுமதி ஜாம்பியா பெயரில் பதிவாகும், லாபம் அங்கே தங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

கணக்கன்:
அதற்கு முன்னால் முப்பது ஆண்டு அரசுதானே நடத்தியது! 1970 வாக்கில் 7 லட்சம் டன் எடுத்த நாடு, 2000-இல் இரண்டரை லட்சம் டன்னுக்கு வந்து நின்றது. பழைய இயந்திரங்களை மாற்றவில்லை, புதிய சுரங்கம் தோண்டவில்லை. தனியார் வந்த பிறகுதான் உற்பத்தி மறுபடி 7 லட்சத்தைத் தாண்டியது. அரசு கையில் இருந்தால் போதும் என்பதை நான் ஏற்க மாட்டேன்.

நெய்தல்:
உற்பத்தி சரிந்தது உண்மை. இயந்திரம் வாங்க டாலர் வேண்டும், அது எண்ணெய்க்கும் வட்டிக்கும் போய்விட்டது. நிர்வாகக் கோளாறும் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் எண்ணெய் இருந்தால் மட்டும் கரை சேரலாமா? 2022-இல் நைஜீரியாவின் ஏற்றுமதியைத் தலைக்குப் பிரித்தால் 300 டாலர் அளவுக்குத்தான் வருகிறது. ஜாம்பியாவுக்கு 500-க்கு மேல். சாட் 2003-இல் எண்ணெய் ஏற்றுமதியைத் தொடங்கியது. உங்கள் 39 நாடுகளில் அதுவும் ஒன்று. எண்ணெய் நாடு என்றதும் சவுதியை மட்டும் எடுத்தால் எப்படி?

கணக்கன்:
சரி, எண்ணெயை விடுங்கள். வங்கதேசத்திடம் எண்ணெயும் இல்லை, செம்பும் இல்லை. ஆடை தைத்தே ஆண்டுக்கு 4,000 கோடி டாலருக்கு மேல் ஏற்றுமதி செய்கிறது. அந்த 39-இல் இருக்கும் எத்தியோப்பியா ஏன் செய்யவில்லை?

நெய்தல்:
முயன்றது சார். 2016-17 வாக்கில் ஹவாசா நகரில் ஆடைத் தொழில் பூங்கா திறந்தார்கள், பல்லாயிரம் பெண்கள் வேலைக்குச் சேர்ந்தார்கள். சொந்தத் துறைமுகம் இல்லாததால் கன்டெய்னர் ஒவ்வொன்றும் பக்கத்து நாடான ஜிபூட்டி வழியாகத்தான் போக வேண்டும். அதையும் சமாளித்தார்கள். எத்தியோப்பியாவின் டிக்ரே பகுதியில் நடந்த உள்நாட்டுப் போரைக் காரணம் காட்டி 2022 ஜனவரியில் அமெரிக்கா வரிச்சலுகையை நிறுத்தியது. ஆர்டர்கள் குறைந்தன, சில கம்பெனிகள் கிளம்பிப் போய்விட்டன. போரைத் தொடங்கியது தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த பெண்கள் இல்லை. வேலை போனது அவர்களுக்கு.