மரமா, பிக்கப்பா, ஸ்பீக்கரா? என் ஸ்ட்ராட் ஏன் கொசு மாதிரி கத்துது?

மயிலை_ஆறுகம்பி:
எல்லாருக்கும் வணக்கம். என்கிட்ட இருக்கறது ஸ்ட்ராட் (ஃபெண்டர் கம்பெனியோட ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலெக்ட்ரிக் கிட்டார்) காப்பி. பாடி பாஸ்வுட் மரம், மூணு சிங்கிள் காயில் பிக்கப் (கம்பி ஆட்டத்தை மின்சாரமா மாத்தற பாகம்). ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) 15 வாட் டிரான்சிஸ்டர், உள்ள 8 இஞ்ச் ஸ்பீக்கர். கழுத்துப் பக்கம் இருக்கற நெக் பிக்கப்ல வாசிச்சா பரவாயில்ல. சுவிட்சை, கம்பி முடியற பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்புக்குத் தள்ளினா காதைக் கிழிக்குது. கூடவே உம்முனு ஒரு ஹம் வேற. கையில 25,000 ரூபாய் இருக்கு. அல்நிக்கோ 5 காந்தம் வெச்ச பிக்கப் செட் மாத்தலாம்னு நினைச்சேன். கிளாஸ் எடுக்கற மாஸ்டர், "பாஸ்வுட்ல எதைப் போட்டாலும் விளங்காது, ஆல்டர் மரப் பாடி கிட்டாரா வாங்கு"ங்கறார். அபார்ட்மென்ட் வீடு, ரொம்ப சத்தம் வைக்க முடியாது. என்ன பண்ணலாம்?

ஈட்டிமரம்:
மாஸ்டர் சொல்றதைக் கேளுங்க தம்பி. 1954-ல ஸ்ட்ராட் வந்தப்ப ஆஷ் மரம். 56 வாக்குல ஆல்டருக்கு மாறினாங்க, 59-ல ரோஸ்வுட் ஃபிங்கர்போர்டு வந்தது. ஒவ்வொரு காலத்துக் கிட்டாரையும் வாசிச்சவங்க வித்தியாசம் சொல்வாங்க. நம்ம மேற்குத் தொடர்ச்சி மலை ஈட்டி மரத்தை வெளிநாட்டுக் கிட்டார் கம்பெனிகள் தேடித் தேடி வாங்குதே, சும்மாவா? ஆம்ப்ல சொருகாம ஒரு தடவை வாசிச்சுப் பாருங்க. அங்கயே சத்தம் செத்துக் கிடந்தா பிக்கப் என்ன பண்ணும்?

ஓம்_விதி:
அண்ணே, பிக்கப் ஒண்ணும் மைக் இல்ல. காந்தத்தைச் சுத்தி ஒரு காயில், அவ்வளவுதான். எஃகுக் கம்பி காந்தப் புலத்துல ஆடறப்ப காயில்ல மின்னழுத்தம் பிறக்குது. மரத்தோட சத்தம் அதுக்குக் கேக்கவே கேக்காது. மரம் கம்பியோட ஆட்டத்தை எவ்வளவு மாத்துதோ அவ்வளவுதான் கணக்கு, அதுவும் ரொம்பக் கொஞ்சம். நாஷ்வில்ல ஜிம் லில்னு ஒரு கிட்டார்காரர் ரெண்டு மேஜைக்கு நடுவுல கம்பியை இழுத்துக் கட்டி, பாடியும் நெக்கும் இல்லாம, பிக்கப்பை மட்டும் கீழ வெச்சு ரெக்கார்டு பண்ணிப் போட்டிருக்கார். முழு கிட்டாரோட சேத்துக் கேட்டா எது எதுன்னு பிரிக்க முடியல.

தம்பி, 25,000-ஐ உள்ள வைங்க. உங்க பிரச்சினை அந்த 8 இஞ்ச் ஸ்பீக்கர். 12 இஞ்ச் கிட்டார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸைத் தாண்டினா செங்குத்தா இறங்கிடும். அதனாலதான் டிஸ்டார்ஷன் காதுக்கு இதமா இருக்கு. சின்னப் பெட்டியில சின்ன ஸ்பீக்கர்னா அடிச்சத்தமும் இருக்காது, மேல உள்ள கரகரப்பும் அடங்காது. 1964-ல கிங்க்ஸ் பேண்ட் கிட்டார்காரர் டேவ் டேவிஸ் 'யூ ரியலி காட் மீ' பாட்டோட உறுமலுக்காக எதை மாத்தினார்? பிளேடு எடுத்து ஸ்பீக்கர் கோனைக் கீறினார். கிட்டாரைத் தொடல.

ஈட்டிமரம்:
யூடியூப் சத்தத்தை வெச்சு மரத்தை அளக்கறதா? அப்படின்னா 58-ல இருந்து 60 வரைக்கும் வந்த கிப்சன் சன்பர்ஸ்ட் லெஸ் பால் கிட்டாருக்கு வீடு வாங்கற காசைக் கொடுக்கறவன் எல்லாம் முட்டாளா?

ஓம்_விதி:
முட்டாள்னு யாரு சொன்னா? அரிய பொருளுக்கு விலை. அதே கிட்டார்லதான் கிப்சன் இன்ஜினியர் சேத் லவர் வடிவமைச்ச ஹம்பக்கரும் (ஹம்மைக் கழிக்கற ரெட்டைக் காயில் பிக்கப்) இருக்கு, அதை ஏன் கணக்குல சேக்க மாட்டேங்கறீங்க?

ஸ்காபரோ_செல்வன்:
தம்பி, இவையள் ரெண்டு பேரும் சண்டை பிடிக்கட்டும். அபார்ட்மென்ட் எண்டால் உங்களுக்கு ஸ்பீக்கரே தேவையில்லை. ஒரு ஓடியோ இன்டர்ஃபேஸ் (கிட்டாரைக் கொம்பியூட்டரோட இணைக்கிற பெட்டி), நல்ல ஹெட்ஃபோன், கொம்பியூட்டரில நியூரல் ஆம்ப் மாடலர் எண்ட, ஆம்ப் சத்தத்தைப் போலச் செய்யிற மென்பொருள். அது இலவசம். ஆரோ ஒருத்தர் தன்ர மார்ஷல் ஆம்பின்ர சத்தத்தை அதுக்குப் படிப்பிச்சு ஏத்தின ஃபைலை இறக்கிப் போட்டு, கேபினெட்டுக்கு (ஸ்பீக்கர் பெட்டிக்கு) ஒரு ஐஆர் (ஸ்பீக்கரும் மைக்கும் சேர்ந்த சத்தத்தின்ர பதிவு) போட்டால் முடிஞ்சுது. 1998-ல லைன் 6 பாட் எண்ட மாடலர் பெட்டி வந்த காலத்துச் சத்தத்தை நினைச்சுக்கொண்டு இப்பவும் மாடலரைத் திட்டுறவை இருக்கினம். நான் இரவு பிள்ளையள் படுத்தபிறகு இப்பிடித்தான் வாசிக்கிறன். மிச்சக் காசுக்கு கிட்டாரை ஒருக்கா நல்ல ஆளிட்டக் குடுத்து செட்டப் செய்யுங்கோ.

வால்வு_வாத்தியார்:
ஹெட்ஃபோன்ல வாசிக்கறதுக்குப் பேர் எலெக்ட்ரிக் கிட்டாரா? ஜிம் மார்ஷல் கடையில ஃபெண்டர் பாஸ்மேன் ஆம்ப் சர்க்யூட்டை வெச்சு ஜேடிஎம்45 ஆம்ப் பண்ணாங்க. சர்க்யூட் கிட்டத்தட்ட அதேதான், ஆனா வால்வும் (டிரான்சிஸ்டருக்குப் பதிலா இருக்கற கண்ணாடிக் குழாய்) டிரான்ஸ்ஃபார்மரும் ஸ்பீக்கரும் மாறினதுல வேற மிருகம் ஆயிடுச்சு. வால்வு ஆம்ப் வால்யூமை முறுக்கினா விரல் அழுத்தத்துக்கு அது பதில் சொல்லும். ராக் கிட்டார்காரர் எடி வான் ஹேலன் வேரியாக் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கற டிரான்ஸ்ஃபார்மர்) வெச்சு மார்ஷலுக்குப் போற கரண்டை 90 வோல்ட் பக்கம் இறக்கினது எதுக்கு? முழுசா முறுக்கின அந்த உணர்வு வேணும், சத்தம் கொஞ்சம் அடங்கணும். (நம்ம ஊர்ல யாரும் வீட்ல வேரியாக்கை நோண்டாதீங்க, ஆம்ப் உள்ள இருக்கற கெபாசிட்டர் ஆளைக் கொல்லும்.)

பெடல்காரங்களுக்கும் ஒண்ணு சொல்லிடறேன். ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் போட்ட ஃபஸ் (சத்தத்தைக் கரகரப்பாக்கற பெடல்) வாங்கறதா இருந்தா மே மாசத்துல வாங்கிப் பாருங்க. சூடு ஏற ஏற டிரான்சிஸ்டர்ல கசியற கரண்ட் கூடும், பயஸ் (டிரான்சிஸ்டர் வேலை செய்யற நிலை) நகர்ந்துடும், நோட்டு நடுவுல விட்டு விட்டு வரும். நான் மதிய ஒத்திகைன்னா பெடலை ஏசி காத்து அடிக்கற இடத்துலதான் வைப்பேன். சிலிக்கான் ஃபஸ்ஸுக்கு இந்த வம்பு இல்ல.

ஸ்காபரோ_செல்வன்:
வாத்தியார், நீங்கள் ரசிச்ச ரெக்கோர்ட் எல்லாம் கோனுக்கு முன்னால மைக் வச்சு எடுத்ததுதானே? ஐஆரும் அதே சத்தம்தான்.

ஓம்_விதி:
இதுல செல்வன் அண்ணா பக்கம்தான் நான். ஆனா இன்னொண்ணும் உண்டு. எஸ்எம்57 மைக்கை ஸ்பீக்கர் கோன் நடுவுல, டஸ்ட் கேப்புக்கு (நடுவுல இருக்கற மூடிக்கு) நேரா வைங்க. கூர்மையா வரும். அப்படியே ரெண்டு விரல் அகலம் ஓரத்துக்கு நகர்த்துங்க, ட்ரெபிள் இறங்கி சத்தம் தடிச்சுடும். கிட்டாரும் ஆம்ப்பும் நாப்பும் அப்படியேதான் இருக்கு. பிக்கப் மாத்தினாக்கூட இவ்வளவு வித்தியாசம் வராது. அறையில நின்னு கேக்கற சத்தம் வேற, மைக் பிடிக்கற சத்தம் வேற. வாத்தியார் முதல்ல உள்ளதைத் தேடறார், மாடலர் ரெண்டாவதைத் தருது. ரெண்டு பேரும் வேற வேற பொருளுக்குச் சண்டை போடறீங்க.

வால்வு_வாத்தியார்:
சரி, மேடையில மைக் சத்தத்தையா கால்ல உணருவீங்க?

மயிலை_ஆறுகம்பி:
சார், நான் மேடைக்கே இன்னும் போகல. 😀 அந்த ஹம்முக்கும் பிரிட்ஜ் கூச்சலுக்கும் யாராவது வழி சொல்லுங்க.

ஓம்_விதி:
ஹம் முதல்ல. சுவர் பிளக்குல எர்த் இருக்கான்னு எலெக்ட்ரீஷியனை விட்டுப் பாருங்க. ஆம்ப் மூணு பின்னை ரெண்டு பின் அடாப்டர்ல சொருகியிருந்தா இன்னைக்கே எடுத்துடுங்க, கம்பியைத் தொட்டுக்கிட்டு மைக்கைத் தொட்டா ஷாக் அடிக்கலாம். பழைய டியூப் லைட்டையும் இன்வெர்ட்டரையும் விட்டுத் தள்ளி உக்காருங்க. சுவிட்சை 2, 4 இடங்கள்ல வெச்சுப் பாருங்க. நடு பிக்கப் எதிர்ச்சுத்தா இருந்தா அங்க ஹம் அறுந்துபோகும். மத்த இடங்கள்ல சிங்கிள் காயில் கொஞ்சம் உம்முனுதான் இருக்கும், அது அதோட பிறவி.

பிரிட்ஜ் கூச்சலுக்குக் காரணம், பழைய ஸ்ட்ராட் வயரிங்ல பிரிட்ஜ் பிக்கப்புக்கு டோன் நாப்பே கிடையாது. ரெண்டு டோனும் நெக்குக்கும் நடுவுக்கும்தான். பிக்கார்டை (பிக்கப் மாட்டியிருக்கற பிளாஸ்டிக் தகட்டை) கழட்டி, 5 வழி சுவிட்சுல நடு பிக்கப்போட டோன் ஒயர் வர்ற காலுக்கும் பக்கத்துல சும்மா கிடக்கற பிரிட்ஜ் காலுக்கும் ஒரு துண்டு ஒயரை ஈயம் வெச்சுப் பத்த வைங்க. செலவு அவ்வளவுதான். அப்பறம் பிக்கப்பை ஸ்க்ரூவுல கொஞ்சம் இறக்குங்க. கம்பிக்கு ரொம்பக் கிட்ட இருந்தா காந்தம் கம்பியை இழுத்து சுருதி தள்ளாடும்.

ஸ்காபரோ_செல்வன்:
கம்பியையும் மாத்துங்கோ. உங்கட ஊர் ஈரத்துக்கும் வியர்வைக்கும் கெதியா துருப் பிடிக்கும். இங்க தலைகீழ், பனிக்காலத்தில ஹீட்டர் போட்டால் நெக் காய்ஞ்சு ஃப்ரெட் நுனி எல்லாம் வெளிய நீட்டிக் கையைக் கிழிக்கும்.

மயிலை_ஆறுகம்பி:
ஒயர் பத்த வெச்சாச்சு! டோனை 6-ல வெச்சா பிரிட்ஜுல முதல் தடவையா வாசிக்கணும்னு தோணுது. எர்த் இல்லாத பிளக்தான், மாத்தியாச்சு. பிக்கப் செட் யோசனையைத் தள்ளி வெச்சுட்டேன். நண்பன் கிட்ட 12 இஞ்ச் கேபினெட் ஒண்ணு சும்மா கிடக்கு, என் ஆம்ப்ல மாட்டலாமா?

ஓம்_விதி:
ஆம்ப் பின்னாடி குறைஞ்சது எத்தனை ஓம்னு போட்டிருக்கும், கேபினெட் அதுக்குக் கீழ போகக் கூடாது. உங்களுது டிரான்சிஸ்டர், அதனால மேல போனா சத்தம் கொஞ்சம் குறையும், ஆபத்து இல்ல. வால்வு ஆம்ப்னா ஓம் பொருந்தணும், ஸ்பீக்கர் இல்லாம ஆன் பண்ணவே கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போயிடும். இன்னொண்ணு, 12 இஞ்ச் சத்தமா கேக்கும். வால்யூமைக் குறைச்சு ஆரம்பிங்க.

மயிலை_ஆறுகம்பி:
ரெண்டும் 8 ஓம்தான். ஞாயித்துக்கிழமை மாட்டறேன்.

ஈட்டிமரம்:
மாட்டிட்டு கிளீன் சேனல்ல வாசிச்சு ரெக்கார்டு போடுங்க தம்பி. மாஸ்டரோட ஆல்டர் கிட்டாரையும் அதே செட்டிங்ல, அதே கம்பி போட்டு. கெயினைக் (டிஸ்டார்ஷனை) கூட்டினா மரம் கேக்காதுன்னு எனக்கும் தெரியும்.