மறுமொழி: ‘அறுவையற்ற வேர்க்கால்வாய்ச் சிகிச்சை’ வேண்டாம், வேறு சொல் பார்ப்போம்

அன்புள்ள ஐயா, நண்பர்களே, வணக்கம். பல்லைப் பிடுங்காமல் வேரின் உட்புறத்தைச் சுத்தம் செய்து அடைக்கும் ‘நான்-சர்ஜிகல் ரூட் கேனால்’ சிகிச்சைக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற நம் பேச்சின் தொடர்ச்சி இது.

> வேர்க்கால்வாய் ஓரளவு பழகிவிட்டது. முன்னால் ‘அறுவையற்ற’ சேர்த்தால் பொருள் சரியாக வந்துவிடுகிறது. இன்னொரு சொல் எதற்கு?

பொருள் சரிதான் ஐயா. அதே சொல்லை நான்தான் போன ஆண்டு ஒரு மருத்துவமனைக்கான துண்டறிக்கையில் போட்டேன். அது என்ன செய்தது என்பதைப் பக்கத்தில் நின்றும் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மா. கீழ்க் கடைவாய்ப் பல்லோரம் ஈறில் சின்னப் பரு. அழுத்தினால் சீழ் வரும், வலி குறையும், சில நாளில் மறுபடி கிளம்பும். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக வாசித்துக்கொண்டு வந்தவர் ‘அறுவை’யில் நின்றுவிட்டார். ‘யற்ற’ வரை போகவே இல்லை. தாளை நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, “பிடுங்கிடச் சொல்லும்மா, கத்தி வேண்டாம்” என்றார். ஆடாத பல் அது. எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை, அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். அந்தத் தாளை எழுதியவள் நான் என்பது இன்னும் உறுத்துகிறது.

கால்வாயும் எனக்கு ஒப்பவில்லை. ஏரியிலிருந்து வயலுக்குத் திறந்து ஓடுவது கால்வாய். பல் வேருக்குள் இருப்பது மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலத்தில் ஒரு குழல். ‘வேர்க்குழல்’ போதும். பலகைகளில் எழுதும் ‘வேர் சிகிச்சை’ சுருக்கமானதுதான். ஆனால் ஈறைத் திறந்து வேர்நுனியை வெட்டுவதும் வேருக்கான சிகிச்சைதானே?

உள்ளே நடப்பதைப் பார்த்தால் பெயர் தானே வரும் என்று நினைக்கிறேன். சொத்தை ஆழமாகி, நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள பற்கூழ் செத்ததும் அங்கே ரத்த ஓட்டம் நின்றுவிடுகிறது. மாத்திரை எவ்வளவு விழுங்கினாலும் மருந்து குழலுக்குள் போய்ச் சேராதது அதனால்தான். வீக்கம் வடியும், கிருமி அங்கேயே இருக்கும். கிருமியின் நஞ்சு வேர்நுனித் துளை வழியே கசிந்து, சுற்றியுள்ள தாடையெலும்பு கரைகிறது. எக்ஸ்ரேயில் வேர்நுனியில் கறுப்பாகத் தெரிவது அந்த இடம். 1965-இல் ககேஹாஷி என்ற ஆய்வாளரின் குழுவினர் கிருமியே அண்டாமல் வளர்த்த எலிகளின் பற்கூழைத் திறந்துவிட்டுப் பார்த்தார்கள். உணவுத்துணுக்கு போய் அடைந்தும் கூழ் சாகவில்லை. திறந்த இடத்தைப் புதிய பல்திசு பாலம்போல் மூடியது. சாதாரண எலிகளுக்கோ கூழ் அழுகி வேர்நுனியில் சீழ் கட்டியது. ஆக, குழலில் கிடக்கும் கசடை எடுத்துவிட்டால் எலும்பு தானே ஆறும்.

மருத்துவர் செய்வதும் அதைத்தான். எச்சில் படாமல் பல்லைச் சுற்றி ரப்பர் திரை கட்டி, பல்லின் மேற்புறம் துளையிட்டு, ஊசிபோன்ற ஃபைலை, அதாவது மெல்லிய அரத்தை, விடுகிறார். நுனி 0.15 மி.மீ. இருக்கும், பிறகு படிப்படியாகத் தடிமன் கூட்டிக்கொண்டு போவார். நடுநடுவே சோடியம் ஹைப்போகுளோரைட்டால், துணி வெளுக்கும் திரவத்தில் உள்ள அதே பொருளால், அலசிக்கொண்டே இருக்கிறார். வெளியே வந்த ஃபைலின் புரிகளில் சாம்பல் நிறச் சேறு அப்பியிருந்ததை ஒருநாள் பார்த்தேன். கோடையில் கிணற்றிலிருந்து வாளி வாளியாக மேலே வருவது நினைவுக்கு வந்தது.

என் முன்மொழிவு: வேர்க்குழல் தூர்வாரல்.

கிணற்றடிச் சேறும் தூர்தான், மரத்தின் வேரடியும் தூர்தான். இரண்டு பொருளும் இங்கே பொருந்துகின்றன.

> தூர்வாரல் பாதி வேலையைத்தான் சொல்கிறது. அடைப்பது எங்கே?

பல் மருத்துவரான நீங்கள் கேட்டது நியாயம், டாக்டர். வாரியபின் அடைக்காவிட்டால் கிருமி திரும்ப வந்துவிடும். அடுத்த வருகைவரை உள்ளே வைக்கும் கால்சியம் ஹைட்ராக்சைடு, வெற்றிலைக்குத் தடவும் நீற்றிய சுண்ணாம்பின் வேதிப்பொருள்தான். கடைசியாக அடைக்கும் கட்டாபெர்ச்சா, நம் இலுப்பையின் குடும்பத்தைச் சேர்ந்த மலாய் நாட்டு மரத்தின் பால். பெயரில் உள்ள ‘கெத்தா’வுக்கு மலாயில் மரப்பால் என்றே பொருள். ஆனாலும் பெயர் எல்லாப் படியையும் சுமக்க வேண்டுமா? ‘கண்புரை நீக்கம்’ என்கிறோம். லென்ஸ் வைப்பதை அதில் சொல்வதில்லை, எல்லோருக்கும் புரிகிறது. பாடநூலில் தூர்வாரல், அலசல், அடைத்தல் என்று படிகளைப் பிரித்துக்கொள்ளலாம்.

இன்னொரு வசதி: ஒருமுறை செய்தது பலிக்காமல் திரும்பச் செய்தால் ‘மறுதூர்வாரல்’. அதிலும் ஆறாமல் நுனியை மூன்று மி.மீ. அளவு வெட்டினால் ‘வேர்நுனி வெட்டு’. இரண்டுக்கும் தனிப்பெயர் இருக்கும்போது ‘அறுவையற்ற’ என்ற முன்னொட்டுக்கு வேலையே இல்லை.

துண்டறிக்கை அடுத்த வாரம் மறு அச்சுக்குப் போகிறது. தொடக்கம் இப்படி வைத்திருக்கிறேன்: “இந்தப் பல்லைப் பெரும்பாலும் பிடுங்க வேண்டியதில்லை. வேர்க்குழலைத் தூர்வாரி அடைத்தால் சீழ் வடிவது நிற்கும். எலும்பு முழுவதும் ஆற ஓராண்டு, சிலருக்கு அதற்கு மேலும் ஆகலாம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.”

இதில் இடறும் சொல் எதுவானாலும் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். முடிந்தால் வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரிடம் வாசிக்கக் கொடுத்து, எங்கே நிறுத்துகிறார் என்று பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்