அப்பாவின் மறதி: முதலில் எதைப் பரிசோதிப்பது?

கவிதா, மேற்கு மாம்பலம்:
அப்பாவுக்கு 74 வயது. தபால் துறையில் வேலை பார்த்தவர். சென்னையின் பின்கோடுகளை மனப்பாடமாகச் சொல்வார். இப்போது காலையில் சொன்னதை மாலையில் கேட்டால், "எப்போது சொன்னாய்?" என்கிறார். சர்க்கரை, இரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. அயோத்தியா மண்டபக் கச்சேரிகளுக்குப் போவதையும் விட்டுவிட்டார். வயதானால் அப்படித்தான் என்கிறார்கள் உறவினர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

சரோஜா, ஓய்வு பெற்ற செவிலியர், பெரம்பூர்:
கச்சேரியை ஏன் விட்டார் என்று கேட்டீர்களா, கவிதா? தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறாரா? அப்படியென்றால் முதலில் காதைப் பாருங்கள். காலையில் சொன்னது காதிலேயே விழவில்லை என்றால் மாலையில் எப்படி நினைவிருக்கும்? காது மந்தமான பெரியவர்கள் திரும்பக் கேட்கக் கூச்சப்பட்டுத் தலையாட்டிவிடுவதை வார்டில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பிறகு பேச்சே குறைந்துவிடும். வீட்டார் அதை மறதி என்பார்கள்.

உண்மையான மறதிநோய்க்கும் இதில் தொடர்பு உண்டு. லான்செட் மருத்துவ இதழின் குழு 2024இல் வெளியிட்ட அறிக்கை, நம்மால் மாற்றக்கூடிய 14 காரணிகளைச் சொல்கிறது. செவித்திறன் குறைவும் கெட்ட கொழுப்பும் அதில் முன்னணியில் இருக்கின்றன. சர்க்கரை, இரத்த அழுத்தம், பார்வைக் குறைவு, தனிமை ஆகியவையும் உண்டு. அனைத்தையும் கவனித்தால் ஏறத்தாழ 45 சதவீத மறதிநோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்பது அவர்கள் கணிப்பு. அப்பாவைப் பொறுத்தவரை, கச்சேரி நின்றதுதான் எனக்குப் பெரிய கவலை. நாலு பேரைப் பார்க்கும் இடம் அல்லவா அது?

இளங்கோ, மருந்தாளுநர், வேளச்சேரி:
சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறாரா? பல ஆண்டுகள் எடுத்தால் உடலில் வைட்டமின் பி12 குறையலாம். அதனாலும் நினைவு தடுமாறும். பி12, தைராய்டு இரண்டையும் பரிசோதியுங்கள். மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். தூக்க மாத்திரையும் சில பழைய ஒவ்வாமை மாத்திரைகளும் முதியவர்களைக் குழப்பும். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

கவிதா:
தொலைக்காட்சிச் சத்தம் பக்கத்து வீடு வரை கேட்கிறது, அம்மா! ஆனால் காது மெஷின் என்றாலே கோபப்படுகிறார்.

சரோஜா:
மெஷின் பேச்சையே எடுக்காதீர்கள். காதில் குறும்பி (காது அழுக்கு) அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வரலாம் என்று சொல்லுங்கள். அதுவே காரணமாகவும் இருக்கலாம். முதியோருக்கென்றே கிண்டியில் 2024இல் திறந்த அரசு மருத்துவமனை இருக்கிறது. மெஷின் தேவைப்பட்டால், அது மறதியை நிறுத்திவிடும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். 2023இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நினைவும் சிந்தனையும் சரியும் ஆபத்து ஏற்கெனவே அதிகமாக இருந்த முதியவர்களுக்குத்தான் மெஷினால் அந்தச் சரிவின் வேகம் குறைந்தது. ஆனாலும் கச்சேரி மறுபடி காதில் விழுமே, கவிதா. அதற்காகவே போட்டுப் பார்க்கலாம்.