ஹாட் ஃபைவ் 78 இசைத்தட்டு: எந்த வேகம் சரி?

ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ஹாட் ஃபைவ் குழு 1926 பிப்ரவரி 26 அன்று சிகாகோவில் பதிந்த 'ஹீபி ஜீபீஸ்' (ஓகே நிறுவன வெளியீடு எண் 8300, மறுபக்கம் 'மஸ்க்ராட் ராம்பிள்') தட்டை டிஜிட்டலாக்குகிறேன். வேகம்தான் சிக்கல். நிமிடத்துக்கு 78.26 சுற்றில் ஓடவிட்டால் பியானோ, ஏ=440 கணக்கில் (ஏ சுரத்துக்கு விநாடிக்கு 440 அதிர்வு) 35 சென்ட் (அரைச்சுரம் என்பது 100 சென்ட்) இறங்கி நிற்கிறது. 79.9க்கு ஏற்றினாலும் சுருதி சேர்கிறது, 75.4க்கு இறக்கினாலும் சேர்கிறது. இரண்டுக்கும் நடுவே முழுதாக அரைச்சுரம் வித்தியாசம். தவறானதைத் தேர்ந்தால் ஆம்ஸ்ட்ராங்கின் குரலே வேறு ஆளுடையதாகிவிடும்.

தட்டின் துளை மையம் விலகியிருந்ததால் விநாடிக்கு 1.3 முறை சுருதி ஆடியது, மையப்படுத்திச் சரிசெய்தாயிற்று. ஊசி 2.8 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), இரு சேனலும் மோனோவாக இணைத்தது, ஆர்.ஐ.ஏ.ஏ. ஈக்வலைசேஷன் (பிற்கால எல்.பி. தட்டுகளுக்கான ஒலிச் சமன்) இல்லை. 2.5, 3.0 மில் ஊசிகளில் இரைச்சல்தான் மாறியது. சுருதி மாறாது என்பது தெரிந்ததே. பதிவில் கலந்திருக்கக்கூடிய மின்இணைப்பு ரீங்காரத்தின் அதிர்வெண்ணை வைத்து வேகம் கணிக்கப் பார்த்தேன், அப்படி ஒன்றும் தென்படவில்லை. குழுவின் ஜானி டாட்ஸ் வாசித்த கிளாரினெட் எட்டக்கூடிய கீழ்ச்சுரத்தையும் ஒப்பிட்டேன். இரண்டு வேகத்திலும் எல்லைக்குள்தான் இருக்கிறது.

மிச்சமிருப்பது குழுவின் ஜானி செயின்ட் சிர் வாசித்த ஆறு தந்தி பாஞ்சோ (கிதார் போன்ற தந்தி வாத்தியம்). அழுத்தாமல் மீட்டிய தந்தியின் ஒலியை இத்தகைய பதிவில் பிரித்தறிந்து மூலச் சுருதியை உறுதிசெய்தவர்கள் யாராவது இருந்தால், எந்த அதிர்வெண் பகுதியில், எதைக் கவனித்தீர்கள்?